ஊதா மருந்தும் ஒரு பொன்னாடையும்

உட்காருங்க அண்ணாச்சி, உட்காருங்க. எங்க எந்திரிக்கீய? அந்த வாசல்ல நிக்கா பாருங்க, கையில நோட்டு வச்சுக்கிட்டு, அவ விட மாட்டா. கொரானா ஊசி போட்டா அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும். உங்களுக்கு ஊசி போட்டது பத்தே காலு, எனக்குப் பத்து பதினெட்டு. ரெண்டும் அந்த நோட்டுல இருக்கு. போன தடவை எங்க ஹெட்மாஸ்டர் இருபது நிமிஷத்துல நைசா நழுவிப் பாத்தாரு. கேட்டு வரைக்கும் போயிட்டாரு. கூட்டிட்டு வந்து உட்கார வச்சு, முதல்லருந்து அரை மணி எண்ணுனா. ஹெட்மாஸ்டரை!

எந்த ஊரு உங்களுக்கு? கரண்ட் எடுக்கிற காத்தாடி கம்பெனியா? அதான பாத்தேன், பழக்கமில்லாத முகமா இருக்கேன்னு. நல்லதாப் போச்சு. இந்த ஊர்க்காரங்க எல்லாரும் அவ சொன்ன கதையைத்தான் கேட்டிருக்காவ. என் பக்கத்தை ஒருத்தரும் கேட்டதில்லை.

என் பேரு சங்கரநயினார். இதே பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார், முப்பத்தோரு வருஷமா. நாம உட்கார்ந்திருக்கிறது பத்தாம் வகுப்பு பி பிரிவு. ஜன்னல் வழியா தெரியுதுல்லா மைதானம், அது என் மைதானம். கொடிக்கம்பத்துக்குக் கீழ சிமெண்ட்டுல ஊதா நிறத்துல ஒரு கை தெரியுதா? அஞ்சு விரலும் பதிஞ்சு? ஆறு மாசம் ஆச்சு, எத்தனை மழை பெஞ்சாச்சு, போகலை. அந்தக் கையைப் பத்தித்தான் சொல்ல வாரேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுதேன். வாசல்ல நிக்காளே, செண்பகவல்லி சிஸ்டர், பெரியாஸ்பத்திரியில வார்டு இன்சார்ஜ், அவ என் சம்சாரம். ஆமா. என் வாழ்க்கையில நடக்க இருந்த ஒரே ஒரு பெரிய காரியத்தை நிப்பாட்டினது அவதான். பாத்தா அப்படித் தெரியாது. நாலே முக்கால் அடிதான் இருப்பா.

எனக்குக் கபடின்னா உசிரு அண்ணாச்சி. எண்பத்தி நாலுல ஜில்லா டீமுல பாடிப் போறது நான்தான். ஒரே மூச்சுல நாப்பத்தஞ்சு செகண்ட் பாடுவேன். கபடிகபடிகபடின்னு உள்ள போனேன்னா எதிராளிக்குத்தான் மூச்சு முட்டும். ஸ்டேட் டீமுக்கு எடுத்துட்டாவ. பனியன் டிராயர் எல்லாம் தச்சாச்சு. கிளம்புற அன்னைக்கு மஞ்சக்காமாலை. எனக்குப் பதிலா போனவன் இன்னைக்கு ரயில்வேயில ஆபீசர், நான் இங்க விசில் ஊதிக்கிட்டு இருக்கேன். அன்னையிலருந்து எனக்கு ஒரே ஆசைதான். ரிட்டையர் ஆகுறதுக்குள்ள இந்த மைதானத்துல ஒரு சர்வதேசப் போட்டி நடத்திடணும். வெளிநாட்டுக்காரன் இந்தச் செம்மண்ணுல விழுந்து எந்திரிக்கணும். அழைப்பிதழ்ல அமைப்புச் செயலாளர்னு போட்டு என் பேரு வரணும். அவ்வளவுதான் கேட்டேன். இது ஒரு தப்பா?

அந்த நேரம் எனக்கு எப்ப வந்துச்சு தெரியுமா? கொரானா வந்த பிறகு. எட்டு நாட்டுக் கபடிப் போட்டி. ஈரான், நேபாளம், கென்யா, கொரியா, இலங்கை, இன்னும் என்னமோ. முதல்ல வேற ஒரு பெரிய ஊர்லதான் நடக்க இருந்துச்சு. அவிய கொரானாவுக்குப் பயந்து முடியாதுன்னுட்டாவ. அடுத்த ஊரும் முடியாதுன்னுட்டு. அதுக்கு அடுத்ததும் அப்படித்தான், இப்படியே ஏழு ஊரு. எங்க கபடிக் கழகத் தலைவர் சமுத்திரபாண்டியன், நகைக்கடை வச்சிருக்காரு, அவரு போனைப் போட்டு, "நாங்க நடத்துதோம்"னு ஒரே வார்த்தை சொன்னாரு, முடிஞ்சுது. ஏழு ஊரு பயந்த காரியத்துக்கு நம்ம ஊரு பயப்படலை பாத்தீயளா. எனக்கு அன்னைக்கு நெஞ்சு நிமிந்துட்டு. மே மாசம் பன்னெண்டாம் தேதியிலருந்து பதினேழு வரைக்கும் ஆறு நாள். ரெண்டாயிரம் அழைப்பிதழ் அடிச்சோம். தங்க எழுத்து.

வம்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா, போட்டி நடத்த ஒரு விதிப் புத்தகம் அனுப்புனாவ. அதுல மருத்துவக் குழுன்னு ஒரு பக்கம். நாப்பது நர்ஸ் வேணும், ஆறு நாளும் மைதானத்துலயே இருக்கணும்னு போட்டிருக்கு. நாப்பது நர்சுக்கு நான் எங்க போவேன்? பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தன்னார்வமா வந்து சேவை செய்யணும், வாரவங்களுக்குச் சான்றிதழ், ஒரு பனியன், ஒரு தொப்பி, மத்தியானம் தயிர்சாதம்னு தெளிவா எழுதினேன். தபால்ல போட்டா தாமதமாகும்னு வீட்டுக்கே கொண்டுபோயி இவ கையில குடுத்தேன். சூப்பிரண்டு மேடம்கிட்ட குடுத்துரு செண்பகம்னு சொன்னேன். ஏப்ரல் மாசம் அது. ஆஸ்பத்திரியில வராந்தாவுலயும் கட்டில் போட ஆரம்பிச்சிருந்த நேரம்.

அவ அப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்திருந்தா. மூஞ்சியில மாஸ்க் அழுத்துன தடம் வாய்க்கால் மாதிரி கிடக்கு. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சா. "எங்க ஆஸ்பத்திரியில மொத்தம் எத்தனை நர்சுன்னு தெரியுமா?"ன்னா. தெரியலைன்னேன். "அறுபத்தி ரெண்டு. அதுல ஒம்பது பேரு இப்ப நோயாளியாவே படுத்திருக்காவ. நாப்பது பேரு உங்க மைதானத்துக்கு வந்தா மிச்சம் எத்தனை?"ன்னா. நான் கணக்கு வாத்தியார் இல்லைன்னாலும் இது எனக்குத் தெரியாதா? பதிமூணுன்னு டக்குன்னு சொன்னேன். சொல்லிட்டு, "ஆறு நாள்தான, பதிமூணு பேரு வச்சு சமாளிக்க முடியாதா?"ன்னும் கேட்டேன். நியாயமாத்தான கேட்டேன்? அவ எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பத்த வச்சா. தோசை ஊத்தித் தந்தா. நான் சரின்னு அர்த்தம்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாளு பாத்தா ஆஸ்பத்திரியில எல்லா நர்சும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு நிக்காவ!

அந்த பேட்ஜுக்குத் துணி எங்கேருந்துங்கீய? எஸ்தர் சிஸ்டர்னு ஒருத்தி இருந்தா. இவகூட இருபத்திரண்டு வருஷம் ஒண்ணா வேலை பாத்தவ. முந்தின வருஷம் செப்டம்பர்ல கொரானா வார்டுலயே நோய் வந்து போயிட்டா, பாவம். அவளோட குடை டூட்டி ரூம் ஆணியில அப்படியே தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. யாரும் எடுக்கலை. அந்தக் குடைத் துணியை வெட்டி அறுபத்திரண்டு துண்டாக்கிட்டாவ. நல்ல குடை அண்ணாச்சி. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.

வேலையை நிப்பாட்டலை, அதையும் சொல்லணும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பத்தே பத்து நிமிஷம், போர்ட்டிகோவுல ஆறடி தள்ளித் தள்ளி நிக்காவ. கையில அட்டை. 'கபடி பிறகு ஆடலாம், கட்டில் இப்ப வேணும்'னு எழுதியிருக்கு. கையெழுத்து என் பொண்டாட்டி கையெழுத்து. எங்க வீட்டு பலசரக்குச் சீட்டுல பாக்கிற அதே கையெழுத்து. பேப்பர்ல போட்டோவோட வந்துட்டு. சமுத்திரபாண்டியன் எனக்குப் போன் போட்டு, "வே சங்கரநயினார், உம்ம வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? ஊரு உலகமே நம்மளைப் பாத்துச் சிரிக்குல்லா!"ன்னு கத்துதாரு.

நானும் சொல்லிப் பாத்தேன். "எலெக்‌ஷன் கூட்டம் எல்லாம் நடக்குல்லா, கபடிக்கு மட்டும் ஏன் தடை?"ன்னு கேட்டேன். "அந்தக் கூட்டத்துக்கும் சேத்துத்தான் கட்டில் போட்டுக்கிட்டு இருக்கோம்"னுட்டா. கோவத்துல ஒரு நாள் பூரா வீட்டுல சாப்பிடாம இருந்து பாத்தேன். அவ அன்னைக்கு ரெண்டு டூட்டி சேத்துப் பாத்ததால நான் சாப்பிடாததே அவளுக்குத் தெரியாமப் போச்சு. பட்டினி கிடந்தது வீண்.

விஷயம் கலெக்டர்கிட்ட போச்சு. வடக்கத்திக்காரரு, சின்ன வயசு, தமிழைப் படிச்சுப் பரீட்சை எழுதினவரு, அதனால நம்மளை விட நல்லாப் பேசுவாரு. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டாரு. நாங்க எட்டுப் பேரு வெள்ளை வேட்டியில போனோம். அவிய சார்புல இவ ஒருத்தி, யூனிபாரத்தோட. சமுத்திரபாண்டியன் பேசினாரு: "ஐயா, கபடி திறந்தவெளி விளையாட்டு. நல்ல காத்தோட்டம். கொஞ்ச நேரம்தான் தொடுவாங்க. தொட்டதும் ஓடி வந்துருவாங்க. இதுல எப்படி ஐயா நோய் பரவும்?" கலெக்டர் இவளைப் பாத்தாரு. நீண்ட பிரசங்கம் பண்ணப் போறான்னு நினைச்சேன். பண்ணலை. "அப்ப ஒரு பத்து நிமிஷம் ஆடிக் காட்டட்டும் ஐயா"ன்னா.

எப்படின்னா, ஆஸ்பத்திரியில நர்சிங் படிக்க வார பிள்ளையளுக்குக் கை கழுவச் சொல்லிக் குடுக்க ஒரு வழி வச்சிருக்காவ. வாய்ப்புண்ணுக்குத் தடவுற ஊதா மருந்து இருக்குல்லா, அதைக் கையில தடவி விட்டுட்டு, கழுவிட்டு வா, எங்கெல்லாம் விட்டுப் போச்சுன்னு பாப்போம்பாவ. அதே மருந்தை ஒரே ஒரு ஆட்டக்காரன் உள்ளங்கையில மட்டும் தடவுவேன், பத்து நிமிஷம் ஆடட்டும், முடிஞ்சதும் எத்தனை பேரு மேல ஊதா இருக்குன்னு எண்ணுவோம்னா. "அஞ்சு பேருக்குக் குறைவா இருந்தா நாங்க நாப்பது பேரு இல்லை, எல்லாருமே வாரோம். கூட இருந்தா போட்டியைத் தள்ளி வைங்க." கலெக்டர் தலைவரைப் பாத்தாரு. தலைவர் என்னைப் பாத்தாரு. நான் எந்திரிச்சு, "தடவட்டும் ஐயா! ஒருத்தன் கையில தடவுனா என்ன ஆயிரும்?"ன்னேன். நான்தான் சொன்னேன். இப்பவும் என் மேல என்ன தப்புன்னு எனக்கு விளங்கலை.

முந்தின நாளு சாயந்திரமே ஆட்டக்காரப் பயலுகளைக் கூட்டி வச்சுத் திட்டம் போட்டுட்டேன் பாத்துக்கிடுங்க. "லேய், நாளைக்குத் தொடாம ஆடணும்"ன்னேன். எங்க டீமுல முப்பிடாதின்னு ஒருத்தன், புளியமரம் மாதிரி இருப்பான், அவன் கையிலதான் மருந்து தடவப் போறாவ. "சார், தொடாம எப்படி சார் கபடி?"ன்னு கேக்கான். "பாவனையா ஆடுலே, எட்டு நாட்டுக்காரன் வாரான்லா"ன்னேன். சரின்னு தலையாட்டுனான்.

மறுநாளு காலையில பத்து மணி. இதே மைதானம். இவ ஒரு சின்ன சீசாவோட வந்தா. மருந்து காஞ்சு போகாம இருக்க கிளிசரின் வேற கலந்திருக்கா. முப்பிடாதி வலது கையை நீட்டுனான். பஞ்சை முக்கி உள்ளங்கை பூரா தடவிட்டு, கையுறையைக் கழட்டி பையில போட்டுக் கட்டிட்டு, பத்தடி தள்ளிப் போயி வாட்சைப் பாத்துக்கிட்டு நின்னுட்டா. கூட்டம் கூடக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம். அதைக் கேட்டுத்தான் பாதி ஊரு வந்துச்சு.

முதல் நாலு நிமிஷம் நம்ம திட்டப்படி அருமையாப் போச்சு. ஒருத்தன் பாடிக்கிட்டே போறான், எல்லாரும் ஒதுங்கி வழி விடுதான், ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வாரான். கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு வார மாதிரி. நான் இவளைப் பாத்து லேசாச் சிரிச்சுக்கிட்டேன். அப்பத்தான் கூட்டத்துலருந்து எவனோ ஒரு பய, "ஏலே முப்பிடாதி, பொண்ணு பாக்கவா வந்திருக்க?"ன்னு சத்தம் போட்டுட்டான்.

முப்பிடாதிக்கு மூஞ்சி மாறிட்டு. அடுத்த பாட்டுல உள்ள புகுந்தான் பாருங்க. கடைசி வரைக்கும் போயி ஒருத்தன் நெஞ்சுல தட்டுனான். மூலையில நின்னவன் இவன் கணுக்காலைப் பிடிச்சான். ஒருத்தன் இடுப்பைக் கட்டுனான். ஏழு பேரும் மேல விழுந்தாவ. அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டு, மூச்சு விடாம, கபடிகபடிகபடின்னு கோட்டுப் பக்கமா நகர்ந்து வாரான் அண்ணாச்சி! ஒரு அடி. இன்னும் அரை அடி. விரலை நீட்டிக் கோட்டைத் தொட்டான். ஏழு பேரும் அவுட்டு! அது ஆட்டம். அப்படி ஒரு ஆட்டத்தை நான் முப்பத்தோரு வருஷத்துல பாத்ததில்லை.

நான் என்ன செய்வேன்? ஓடிப் போயிக் கட்டிப் பிடிச்சுட்டேன். நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன். நான் மட்டுமா? தலைவர் ஓடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குதாரு. அந்தக் கையால முகத்தைத் துடைக்காரு. டீக்காரர் முப்பிடாதி முதுகுல தட்டிட்டு எல்லாருக்கும் டீ எடுத்துக் குடுக்காரு. மைக் செட்டுக்காரன் மைக்கை முப்பிடாதி கையில குடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுதான், வாங்கித் தலைவர்கிட்ட குடுக்கான். எனக்கு மூச்சு வாங்கிச்சு. கொடிக்கம்பத்துக்கிட்ட போயி சிமெண்ட்டுல கையை ஊனிக்கிட்டு நின்னேன். யாரு கைன்னு இப்பத் தெரிஞ்சுதா? என் கைதான்.

அதோட நின்னிருக்கலாம். ஆனா முப்பத்தோரு வருஷப் பழக்கம் அண்ணாச்சி. ஆட்டம் முடிஞ்சா சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போத்தணும். அது என் உடம்புலயே ஊறிப் போச்சு. என் பையில பொன்னாடை இருந்துச்சு. விறுவிறுன்னு எடுத்துக்கிட்டுப் போயி, கலெக்டருக்குப் பின்பக்கமா விரிச்சு, தோள்ல போத்தி, கழுத்துக்கிட்ட ரெண்டு பக்கமும் நல்லாச் சரி பண்ணி விட்டேன். எல்லாரும் கைதட்டுனாவ.

இவ நோட்டை எடுத்துக்கிட்டு எண்ண ஆரம்பிச்சா. ஆட்டக்காரங்க பதினாலு பேரும் ஊதா. நடுவர் ஊதா. டீக்காரர் மூக்கு ஊதா. தலைவரோட முகத்துல பாதி ஊதா, வேட்டியில அஞ்சு விரலும் தனித்தனியா. மைக் ஊதா. பிஸ்கட் தட்டு ஊதா. எனக்கு ஒரு கன்னம், வாய், ரெண்டு கை. ஒவ்வொருத்தரையா பேரு கேட்டுக் கேட்டு எழுதுதா, ஊசி முகாம்ல எழுதுற மாதிரியே. "முப்பத்தி ஒண்ணு ஐயா"ன்னா. அப்புறம் கலெக்டரை ஏற இறங்கப் பாத்துட்டு, "மன்னிக்கணும். முப்பத்திரண்டு"ன்னா. கலெக்டர் கழுத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு பெருவிரல் ரேகை பதிஞ்சிருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி.

கலெக்டர் கழுத்தைத் தொட்டுப் பாத்தாரு. கையைப் பாத்தாரு. "நான் விளையாடவே இல்லையே!"ன்னாரு.

அந்த மைதானத்துல அவ ஒருத்திதான் வெள்ளையா நின்னா.

இப்பக் கேளுங்க, இதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்தாமை. அன்னைக்குக் காலையில நான் குளிச்சுட்டு வாரேன், இவ நின்னுக்கிட்டு அந்தப் பொன்னாடையை அயர்ன் பண்ணுதா! முந்தின நாளு டூட்டி முடிஞ்சு வந்து அசதியா இருக்கிறவ, நான் கேக்காமலே, அயர்ன் பண்ணி, நாலா மடிச்சு, என் பையில வச்சா. "மறக்காம எடுத்துட்டுப் போங்க"ன்னு வேற சொன்னா. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்னு நான் நெகிழ்ந்து போயிட்டேன். திட்டம் போட்டுட்டா அண்ணாச்சி! முப்பிடாதியைச் சொல்ல முடியாது, டீக்காரரைச் சொல்ல முடியாது. ஆனா நான் என்ன செய்வேன்னு அவளுக்கு அட்சரம் பிசகாம தெரிஞ்சிருக்கு.

ரெண்டே நாள்ல உத்தரவு வந்துட்டு. போட்டி ரத்து. அஞ்சு நாளைக்கு அந்த ஊதா போகலை. கன்னத்தைத் துண்டால மூடிக்கிட்டுப் பால் வாங்கப் போனேன். எங்க வீட்டுல அழைப்பிதழ் கட்டு கட்டாக் கிடந்துச்சு, தங்க எழுத்துல என் பேரோட. அழுதேன் அண்ணாச்சி, பொய் சொல்லலை. மஞ்சக்காமாலை வந்த அன்னைக்கு அழுதது, அதுக்குப் பிறகு அன்னைக்குத்தான்.

எத்தனை மணி? பத்து முப்பத்தாறா? இன்னும் இருக்கு நேரம், கேளுங்க.

எங்க எல்லாரையும் தேத்துறதுக்குத் தலைவர் வீட்டுல ஒரு விருந்து போட்டாரு. போட்டி ரத்தான துக்கத்துக்கு. இருபது பேரு, ஹால்ல, ஏ.சி. போட்டு, பிரியாணி. மூணு மணி நேரம் பேசிப் பேசி ஆத்திக்கிட்டோம். அடுத்த வாரம் அதுல பதினோரு பேருக்குக் கொரானா. எனக்கும்தான். ஆனா எனக்கு அங்க வரலை. இவ ஆஸ்பத்திரியில வேலை பாக்காள்லா, இவதான் எங்கேயோ கொண்டாந்து ஒட்டிருக்கணும். இவளுக்கு வரலையேங்கீயளா? அது எப்படின்னு எனக்குத் தெரியாது. மத்த பத்துப் பேரா? அது தற்செயல்.

மே மாசம் ஒம்பதாம் தேதி பெரியாஸ்பத்திரியில சேத்தாவ. பதினேழாம் நம்பர் கட்டில். முதல்ல ஒரு கூத்து. மும்தாஜ்னு ஒரு சின்ன சிஸ்டர், என் நகத்தைப் பாத்துட்டு, "ஐயோ, நகமெல்லாம் ஊதாவாயிட்டு, மூச்சுக் காத்து குறைஞ்சிட்டு!"ன்னு ஓடியே வந்துட்டா. பின்னால வந்தவ சாவகாசமாப் பாத்துட்டு, "அது பழைய ஊதா, மருந்து. விரல்ல வேண்டாம், காதுல மாட்டு மெஷினை"ன்னா. எல்லாரும் தலையிலருந்து கால் வரைக்கும் வெள்ளை அங்கி, ஆள் அடையாளம் தெரியாது. நெஞ்சுல ஸ்கெட்ச் பேனாவுல பேரு எழுதியிருக்கும். எனக்குப் பேரு பாக்க வேண்டியிருக்கலை. அந்தச் சலிப்பை வேற யாரு குரல்ல கேக்க முடியும்?

காதுல மாட்டின மெஷின்லயும் எண்ணு குறைஞ்சுதான் இருந்துச்சு அண்ணாச்சி. அதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு ஒரு மத்தியானம், மூச்சு எவ்வளவு நிக்குன்னு பாக்க எல்லாரையும் ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுவாவ, ஒரே மூச்சுல. எங்கிட்ட வந்து இவ, "எண்ண வேண்டாம். கபடி சொல்லுங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நாப்பத்தஞ்சு செகண்ட் பாடினவன்லா நான்! மூச்சைப் பிடிச்சேன். கபடி, கபடி, கபடி, கபடி. அவ்வளவுதான். அஞ்சாவது வரலை. வாயைத் திறக்கேன், காத்துதான் போகுது. எனக்குப் பயம் வந்துட்டு. செத்துருவேன்னு நினைச்சேன். அவ கண்ணாடிக்குள்ள கண்ணு மட்டும்தான் தெரியுது. அது கலங்குச்சோ, இல்லை கண்ணாடிதான் ஆவியடிச்சிருந்துச்சோ, தெரியலை. என் கையைப் பிடிச்சு, "நாளைக்கு அஞ்சு"ன்னா. மறுநாளு அஞ்சு சொன்னேன். அடுத்த நாளு ஏழு. என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்குப் பன்னெண்டாம் தேதி முடிஞ்சு போச்சு. அந்தக் கட்டிலை அரை மணி நேரம்கூட காலியா விடலை, அடுத்த ஆளைக் கொண்டுவந்துட்டாவ. கட்டிலுக்குக் கட்டில் ஓடுதாவ அந்த நர்சுங்க. பதினேழாம் தேதி வரைக்கும் நான் ஆக்சிஜன்ல கிடந்தேன்.

தேதியைக் கவனிச்சீயளா? மே பன்னெண்டுலருந்து பதினேழு! போட்டி நடக்க இருந்த ஆறு நாளும் நான் கட்டில்ல. படுத்துக்கிட்டே நான் அதைத்தான் நினைச்சேன். நல்லவேளை ரத்தாச்சு. போட்டி மட்டும் நடந்திருந்தா அமைப்புச் செயலாளர் நானு ஆஸ்பத்திரியில, அங்க எட்டு நாட்டுக்காரனை யாரு பாத்திருப்பா? பெயரு கெட்டுருக்கும்லா? கடவுளாப் பாத்து நிப்பாட்டுன மாதிரி ஆச்சு. இவகிட்ட இதைச் சொன்னேன். மெஷின்ல எண்ணைப் பாத்து எழுதிக்கிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா.

இப்பவும் தினம் சாயந்திரம் வீட்டு முற்றத்துல நிக்க வச்சு, வாட்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாடச் சொல்லுதா. அந்தத் தங்க எழுத்து அழைப்பிதழ் இருக்குல்லா, அது பின்னாலதான் எழுதுதா, எத்தனை செகண்டுன்னு. ஒரு நாளைக்கு ஒரு அழைப்பிதழ். நேத்து இருபத்தாறு.

சரி, உங்களுக்கு நேரம் ஆகப்போகுது. ஒரு சின்ன உதவி. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன். கலெக்டர் அந்தப் பொன்னாடையை பியூன் மூலமா ஒரு கவர்ல போட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. ஊதாப் பெருவிரல் ரெண்டும் அதுலயே இருக்கு. இவ ஊறப் போட்டுத் துவைச்சும் போகலை. நான் எம்.எல்.ஏ.வுக்குப் போத்தியிருக்கேன், டி.எஸ்.பி.க்குப் போத்தியிருக்கேன், ரைஸ் மில் திறக்க வந்த நடிகருக்குப் போத்தியிருக்கேன். எத்தனை தோளுன்னு எண்ண முடியாது. அவளுக்கு மட்டும் போத்துனதில்லை. புருஷன் பொண்டாட்டிக்குப் பொன்னாடை போத்துற பழக்கம் எந்த ஊர்ல இருக்கு, சொல்லுங்க? கேட்டா சிரிப்பாவ. நீங்க வெளியூரு. போகும்போது, நன்றி சிஸ்டர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போத்தி விட்டுட்டுப் போயிருங்க. நான் குடுத்தேன்னு சொல்லக் கூடாது. நான் தோத்துட்டேன்னு அவ நினைச்சிரக் கூடாதுல்லா. போட்டி விஷயத்துல அவ செஞ்சது தப்பு, அதுல மாத்தமில்லை. இது வேற.

இருங்க, எடுக்கேன். காலையில அவ குளிக்கப் போன நேரத்துல பீரோவுலருந்து எடுத்து, அவசரத்துல பந்தாச் சுருட்டி, பையில பேப்பருக்கு அடியில அமுக்கி வச்சேன். அவளுக்குத் தெரியாது. இந்தா...

அண்ணாச்சி.

நான் இதைச் சுருட்டில்லா வச்சேன்? பாருங்க, நாலா மடிச்சிருக்கு. தொட்டுப் பாருங்க. அயர்ன் பண்ணியிருக்கு.

இல்லை, குடுங்க. குடுங்க இப்படி. நீங்க போத்த வேண்டாம். அங்கேருந்து இங்கயேதான் பாத்துக்கிட்டு நிக்கா. உங்களுக்கு நேரம் முடிஞ்சுது, நீங்க கிளம்புங்க. எனக்குத்தான் அரை மணி ஆக இன்னும் மூணு நிமிஷம் கிடக்கு. இப்ப எந்திரிச்சேன்னா திரும்ப முதல்லருந்து எண்ணுவா.

எண்ணட்டும்.